மஸ்கட் அடுப்பும் ஆடிக் காற்றும்

எல்லோரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்து பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் வெளிநாட்டிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்கிறவர்கள், ஆடி மாதத்தில் ஒரு பார்பிக்யூ அடுப்பைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அங்கே குளிர் மாதங்களில் வெள்ளிக்கிழமை காலை என்றால் கடற்கரை முழுக்கப் புகையாக இருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரித்து, இரும்பு அடுப்பில் கரியைக் கொட்டி, காலைச் சாப்பாட்டையே வெளியில்தான் சமைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு எகிப்துக்காரி, மலையாளி நர்ஸ்கள் சிலர், நான். எகிப்துக்காரி தக்காளியைச் சுட்டு முட்டையோடு பிசைவாள். நான் கம்பித் தட்டின் மேல் தோசைக்கல்லை வைத்து ஊத்தப்பம் ஊற்றுவேன். உன் புருஷன் எங்கே, நீ ஏன் தனியாக வந்தாய் என்று அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த அடுப்பின் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்கு வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை செல்வி அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன நிலத்தில், ரெட்டியபட்டிக்குச் சற்று வெளியே, நானும் அவளுமாகப் பணம் போட்டு அவளுக்கு ஒரு வீடு கட்டினோம். லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறி வந்து, கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்து, பூசின சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். வைகாசியிலேயே வேலை முடிந்துவிட்டது. ஆனால் குடிபோகவில்லை, ஏனென்றால் பால் காய்ச்சவில்லை.

அந்தப் பாலில்தான் வம்பு. எங்கள் பக்கம் புது வீட்டில் முதல் நெருப்பு பால் பானைக்குத்தான். அது பொங்கி வழிந்த பிறகுதான் வீடு. அதுவரை வெறும் கட்டடம். பானையை வைக்கிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பெண்கள் இருவர். ஒருத்தி தாலி அறுத்தவள். இன்னொருத்தி, அதாவது நான், தாலியைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தவள். ஆகவே திருப்பூரில் இருக்கும் அண்ணனும் அண்ணியும் வந்துதான் காய்ச்ச வேண்டும் என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணன் வைகாசியில் வருகிறேன் என்றார். பிறகு ஆனியில் என்றார். இப்போது ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். இதற்கிடையில் செல்வி குடியிருக்கும் வாடகை அறையின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், மாதக் கடைசியில் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பத்திரத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், பால் காய்ச்சியவன் பெயரைச் சொல்லித்தான் ஊர் அந்த வீட்டைக் கூப்பிடும். அண்ணன் இந்த வீட்டுக்காக ஒரு சட்டி மண் சுமந்தவர் இல்லை. அவர் வந்து ஒரு பானைப் பாலைப் பொங்கவிட்டுப் போனால், செல்வி தன் வீட்டிலேயே அண்ணன் தயவில் குடியிருப்பவள் ஆகிவிடுவாள். அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"நீ வந்து என்னக்கா செய்யப் போற?" என்று செல்வி போனில் கேட்டாள்.

"டிபன் செய்யப் போறேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள்தானே நெருப்பு கூடாது? வெளியில் யார் என்னைத் தடுப்பது? பூட்டிய கதவுக்கு முன்னால் தினமும் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, அந்தக் கதவு பூட்டிக் கிடக்கும் அசிங்கத்தைப் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி செய்வதாக முடிவு செய்தேன். என் மடக்கு அடுப்பைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

விமான நிலையத்தில் சோதனை அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வடக்கத்தி ஆள். கம்பித் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தியாவில் அடுப்பு கிடைக்காதா அம்மா?" என்று இந்தியில் கேட்டார். "அடுப்பு கிடைக்கும் ஐயா, பற்றவைக்க அனுமதிதான் கிடைக்கவில்லை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அருப்புக்கோட்டையிலிருந்து ரெட்டியபட்டிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்தார். "ஒங்களுக்கு டிக்கெட் இல்லக்கா. இதுக்கு உண்டு" என்று அடுப்பைக் காட்டி லக்கேஜ் சீட்டைக் கிழித்தார். பஸ்ஸுக்குள் அது என்ன என்று பெரிய விவாதமே நடந்தது. ஒருவர் இஸ்திரிப் பெட்டி என்றார். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கோழி அடைக்கிற கூண்டு என்று அடித்துச் சொன்னாள். நான் காலைச் சாப்பாடு செய்கிற அடுப்பு என்றதும் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

நடுவில் கத்திரிக்காய் மூட்டையோடு ஏறிய ஒரு பெண்மணி, நிற்க இடமில்லாமல் நேராக அடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு கால் முறிந்து தனியாக வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக்கை மிதித்தார்.

"ஏத்தா, எதுக்கு இந்தக் கத்துக் கத்துற? ஸ்டூலு மாதிரி வச்சிருந்தா உக்காரத்தான் செய்வாக" என்றார் அந்த அம்மாள். இறங்கும்போது மனசு கேட்காமல் என் மடியில் கத்திரிக்காயை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். பிஞ்சுக் காய். கோபத்தைத் தொடர முடியவில்லை.

ஊரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். செல்வி புது வீடு என்றேன். டிரைவருக்கு விளங்கவில்லை. கண்மாய்க்குப் போகிற பாதை, பச்சைக் கதவு என்று அடையாளம் சொன்னேன்.

"அட, திருப்பூரார் வீடா? அப்பிடிச் சொல்லுங்கக்கா" என்றான்.

பால் காய்ச்சுவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். வீடு வரும்வரை நான் அவனோடு பேசவில்லை, பாவம், அவன் என்ன செய்வான்.

செல்வி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஞாயிறுதோறும் வந்து சுற்றிலும் கூட்டி, வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் துடைத்துவிட்டுப் போவாளாம். உள்ளே மட்டும் போவதில்லை. "கட்டும்போது உள்ள நின்னுதானடி தண்ணி ஊத்துன?" என்றேன். "அப்ப அது வீடு இல்லக்கா" என்றாள். கத்த வேண்டும்போல் இருந்தது. அவளைப் பார்த்துக் கத்தவும் மனம் வரவில்லை.

அடுப்புக்குக் கரி வேண்டும். மஸ்கட்டில் கரியைப் பளபளக்கும் பையில் கட்டி விற்பார்கள். இங்கே திருச்சுழிப் பாதை நெடுகக் கருவேலங்காடு. மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, உள்ளுக்குள் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். கரி மூட்டம் என்று பெயர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் பேச்சியம்மாள், எங்கள் வயதுக்காரி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூட்டத்தில் விரிசல் விட்ட இடத்தில் மண் அப்பிக்கொண்டிருந்தாள்.

"சமைக்கக் கரி வேணும்" என்றேன்.

அவள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நாங்களே கேஸ்லதான் சமைக்கிறோம். இத லாரில ஏத்தி விடுறதோட சரி. எந்த ஊருல வச்சு என்ன செய்றாகன்னு யாருக்குத் தெரியும்?"

"கடற்கரைல வச்சுத் தோசை சுடுறாக."

"பொய் சொல்லாத மதினி" என்றாள். ஆனால் மறுநாள் விடியும்போது, அருப்புக்கோட்டை அறையில் படுத்தெழுந்து நானும் செல்வியும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால், ஒரு சாக்குக் கரியோடு வாசலில் நின்றவள் அவள்தான். பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அடுப்புக்கு மூன்று காலும், நாலாவது காலுக்குப் பதில் மிச்சம் கிடந்த செங்கல்லும். பச்சைக் கதவுக்கு நேர் எதிரே வைத்தேன். கத்திரிக்காயை அப்படியே நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து, சுட்ட மிளகாயும் புளியும் உப்பும் வைத்துப் பிசைந்தேன். தோசைக்கல்லில் கம்பு தோசை. கருவேலங்கரி நின்று எரிகிறது. மஸ்கட் கரி பாதித் தோசையிலேயே சாம்பலாகிவிடும். கடற்கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு தோசை சுடுவேன். இங்கே உழுது போட்ட கரிசல் காடும், அதற்கு அப்பால் கருவேலமும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ருசி இங்கேதான் அதிகம். இதை எகிப்துக்காரியிடம் சொல்லமாட்டேன்.

வேலைக்குப் போகிற பெண்கள் பாதையில் நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தோசையைக் கையிலேயே கொடுத்தேன். "ஏன் வெளிய செய்றீக?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "உள்ள செய்யக் கூடாதாம். கட்டுனவ கைக்கு அந்த ராசி இல்லையாம்" என்று உரக்கச் சொன்னேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டு மாவைக் கலக்கினாள். அவளுக்கு என் சத்தம் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

சேதி எட்டி, பெரியப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு மூத்தவர். எங்களை வளர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு, அதனால்தான் அவரோடு மல்லுக்கு நிற்பது கஷ்டம்.

"என்னத்தா இது கூத்து? சொந்த வீட்டு வாசல்ல நாடோடியாட்டம் அடுப்பப் போட்டுக்கிட்டு?"

"உள்ள விட மாட்டேங்கிறீக பெரியப்பா, அப்ப எங்க போடுறது?"

"நானா மாட்டேங்கிறேன்? ஊரு வழக்கம். ஆவணி பொறக்கட்டும், அண்ணன் வரட்டும்."

"ஆடி பூராத் தெருவுல அடுப்பு வச்சு அம்மனுக்குக் கூழு காச்சுறீகள்ல? அம்மனுக்கு வெளிய காச்சலாம், எனக்குக் காச்சக் கூடாதா?"

"அம்மனும் நீயும் ஒண்ணாடீ?" என்றார். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியப்பாவின் கண் மட்டும் தோசைக்கல்லிலேயே இருந்தது. அவருக்குச் சர்க்கரை என்பதால் மருமகள் தினமும் ஓட்ஸ் கரைத்துக் கொடுக்கிறாளாம். செல்வி ஒரு தட்டில் தோசையையும் சுட்ட கத்திரிக்காயையும் வைத்து நீட்டினாள். கோபமாக வாங்கினார். கோபமாகவே இன்னொன்றும் கேட்டுச் சாப்பிட்டார். "நாளைக்கு இது இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

மறுநாளும் இருந்தது. குதிரைவாலிப் பொங்கல், சுட்ட தக்காளித் துவையல். பெரியப்பா நேற்றைவிடச் சீக்கிரமாக வந்தார். அதே பேச்சைப் பேசினார். அதே கோபத்தோடு சாப்பிட்டார். "மிளகு பத்தல" என்று குறை வேறு.

அன்று சாயங்காலம் அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "நீ லீவு முடிஞ்சு போயிருவ. அதுக்கப்பறம் நான் எங்கக்கா அடுப்பு வைக்கிறது?"

நான் பெரிய போராட்டம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது: அவர்கள் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டுதான் நான் இரண்டு நாளாகச் சத்தம் போட்டிருக்கிறேன். அந்தப் படியை நானும் தாண்டவில்லை.

அடுத்த நாள் காற்று. ஆடிக் காற்றை மஸ்கட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கேயும் புழுதிக் காற்று அடிக்கும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவோம். இங்கே எங்களுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இருந்தது, உள்ளே இருக்கத்தான் வழியில்லை. கரிசல் புழுதி எழும்பி வந்து மாவில் விழுந்தது. தட்டு பறந்து வேப்பங்கன்றில் மாட்டிக்கொண்டது. பேச்சியம்மாள் சாக்கைப் பிரித்து மறைப்புப் பிடித்தாள். சாக்கோடு சேர்ந்து அவளும் ஆடினாள்.

பெரியப்பா சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "இன்னைக்கு என்ன தோசை வேண்டிக் கெடக்கு? ஒரு டீயாவது போட்டுக் குடுங்கத்தா, தொண்டை பூராப் புழுதி" என்றார். செல்வி தோசைக்கல்லை இறக்கிவிட்டு, பால் பாக்கெட்டைப் பிரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

பால் சூடேறுவதற்குள் ஒரு சுழல்காற்று அடித்தது. செங்கல் வைத்த பக்கம் அடுப்பு தூக்கிக்கொண்டது. கங்கு ஒன்று தெறித்துப் போய்ப் பக்கத்துக் காட்டு ஓரத்தில் அடுக்கியிருந்த பருத்திமார்க் குவியலில் விழுந்தது. காய்ந்த பருத்திச் செடி, சொல்ல வேண்டுமா? புஸ்ஸென்று பிடித்துக்கொண்டது. நான் பதறிப்போய்க் கையில் கிடைத்ததைத் தூக்கி ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் அது தோசை மாவு என்று தெரிந்தது. பேச்சியம்மாள் சாக்கை நனைத்து அடித்து அணைத்தாள். குவியல் தப்பியது. மாவு போயிற்று. பருத்திமாரில் அரை வேக்காட்டில் ஒரு பெரிய தோசை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அணைங்கத்தா அடுப்ப!" என்று பெரியப்பா கத்தினார். "ஊரக் கொளுத்துறதுக்கா மஸ்கட்டுல இருந்து வந்த? தண்ணிய ஊத்தி அணை!"

இந்த முறை அவர் சொன்னது நியாயம். நானே வாளியைத் தூக்கிவிட்டேன்.

"ஊத்தாதக்கா" என்றாள் செல்வி.

அவள் குரலை உயர்த்தவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பச்சைக் கதவைத் திறந்தாள். இரண்டு பலகையையும் சுவரோடு தள்ளி, காற்றில் அடிக்காமல் கொக்கி மாட்டினாள். திரும்பி வந்து பால் பாத்திரத்தைச் செங்கல்லில் இறக்கி வைத்தாள். முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, அடுப்பை அதன் பிடிகளில் பிடித்து, கனல் கனலாக எரிகிற கரியோடு அப்படியே தூக்கினாள். படி ஏறி உள்ளே போனாள்.

நாங்கள் மூன்று பேரும் நின்றபடி நின்றோம். அவள் வெளியே வந்தாள், பாலையும் செங்கல்லையும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு மருத்துவமனைப் புத்தி வந்தது. மூடின அறையில் கரி எரிந்தால் ஆளைக் கொன்றுவிடும். ஓடிப்போய் ஜன்னல்களை எல்லாம் திறந்தேன், பின்கதவையும் திறந்தேன். அப்படித்தான் நானும் அந்த வீட்டுக்குள் முதல் தடவை நுழைந்தேன், நல்ல நேரம் எதுவும் பார்க்காமல், ஓட்டமாக.

சமையலறைத் தரையில் அடுப்பு இருந்தது. காற்று ஜன்னல் வழியாக எங்கள் தலைக்கு மேலே போயிற்று. கீழே நெருப்பு அசையாமல் நின்றது. செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்து பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற விஷயம் இது.

பால் ஏறியது. அவள் ஊதி அடக்கவில்லை, கரண்டி போடவில்லை. பொங்கி வழிந்து கரியில் விழுந்து சீறியது. தீய்ந்த பால் வாசம் வீடு முழுக்கப் பரவியது.

வாசலிலிருந்து பேச்சியம்மாள் கழுத்தை நீட்டிக் கேட்டாள். "எந்தப் பக்கம் பொங்குச்சு, செல்வி? கிழக்கயா, வடக்கயா?"

"நாலு பக்கமும்" என்றாள் செல்வி.

அவ்வளவுதான். பேச்சியம்மாள் கரிக் கையை வாயருகே வைத்து நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அந்தக் காற்றிலும் அது கண்மாய் வரை கேட்டிருக்கும். பாதையில் போய்க்கொண்டிருந்த பெண்கள் காரணம் தெரியாமலேயே பதில் குலவையிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான், அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

செல்வி அந்தப் பாலிலேயே டீ போட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெரியப்பா படிக்குக் கீழே புழுதியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

"டீ கேட்டீகள்ல பெரியப்பா."

"ஆடி மாசம்…" என்று ஆரம்பித்தார். டம்ளரைப் பார்த்தார். "எந்தப் பாலு இது?"

"பொங்குன பாலு."

அவர் வாங்குவாரா என்று பார்த்தேன். முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சீனி போட்டிருக்கியா?" என்றார்.

"போடல. ஒங்களுக்குத்தான் ஆகாதே."

வாங்கிக் குடித்தார். படி ஏறவில்லை. அங்கேயே நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடி வரை குடித்தார். "ஒங்க அண்ணனுக்கு நான் என்னத்தச் சொல்றது?" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள் செல்வி.

அண்ணன் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் போனில் கத்தினார். ஊரைக் கூட்டி என்னை அவமானப்படுத்திவிட்டீர்கள், இனி அந்தப் படியில் காலை வைக்கமாட்டேன் என்றார். நான் பதிலுக்குக் கத்தினேன். செல்வி போனை வாங்கி, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு சமையலறையில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவளுக்கு அண்ணன் வேண்டும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அருப்புக்கோட்டை அறையிலிருந்து சாமான் ஏற்றிவர லோடு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாயா என்று என்னைக் கேட்டாள்.

சாமான் வந்தது. கேஸ் அடுப்பும் வந்தது. மஸ்கட் அடுப்பை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனேன். செல்வி விடவில்லை. "அது இங்கயே கெடக்கட்டும். நீ அங்க வேற வாங்கிக்க" என்றாள். அடுப்பையும் முறிந்த காலையும் பெரியப்பா வாங்கிக்கொண்டு போய், யாரிடமோ வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. வெல்டிங் கொஞ்சம் கோணல், அடுப்பு கிழக்கே சாய்ந்து நிற்கிறது.

நான் கிளம்பும் காலையில் காற்று சற்று அடங்கியிருந்தது. உள்ளே கேஸ் அடுப்பு இருக்க, செல்வி வாசலில் கரியைக் கொட்டிப் பற்றவைத்தாள். பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். வழியில் சாப்பிட எனக்குக் கம்பு தோசை. ஏன் வெளியே செய்கிறாய் என்று கேட்டேன். "எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லை.

போன் அடித்தது. நான் வரச் சொல்லியிருந்த அதே ஷேர் ஆட்டோக்காரன்.

"அக்கா, வந்துக்கிட்டிருக்கேன். எங்க நிக்கிறீக? திருப்பூரார் வீட்டுக்கிட்டயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி தோசைக் கரண்டியோடு வந்து போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, இங்கன திருப்பூரார் வீடுன்னு ஒண்ணும் கெடையாது. செல்வி வீடு. பொகை தெரியுதா? அதப் பாத்து வா."